வைஃபை இருக்கிறது, நெட் இல்லை: கேட்வேயைப் புரிந்துகொண்டு பொருத்துவது எப்படி

போனின் மேல்மூலையில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு படம்கூட இறங்காது. "வைஃபை ஃபுல்லா இருக்கே, ஏன் நெட் வரல்ல?" இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் புதிதாக ரவுட்டர் வாங்கிய வீடுகளில் நான் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். இதற்கு விடை தெரிந்துவிட்டால் ரவுட்டர் பொருத்தும் வேலையில் பாதி பயம் போய்விடும்.

விடை சின்னது. அந்தக் கோடுகள் உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. ரவுட்டருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. ரவுட்டருக்கு வெளியிலிருந்து ஒன்றுமே வராவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் போனில் கோடுகள் நிறைந்துதான் இருக்கும்.

அதாவது அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் உங்கள் வீடு: போன், டிவி, பிள்ளைகளின் டேப், கடையாக இருந்தால் பில் போடும் கம்ப்யூட்டர். மறுபக்கம் இணைப்புத் தரும் நிறுவனத்தின் வலையமைப்பு, அதைத் தாண்டி உலகம். இப்படி இரண்டு வலையமைப்புகள் சந்திக்கிற இடத்தில் நின்று, இந்தப் பக்கத்துத் தகவலை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்ததை இந்தப் பக்கமும் மாற்றிவிடும் கருவிக்குத்தான் கேட்வே என்று பெயர். நாம் ரவுட்டர் என்று சொல்லும் பெட்டிக்குள் கேட்வே வேலையோடு வேறு வேலைகளும் சேர்ந்தே இருக்கின்றன. 4ஜி சிக்னலைப் பிடிக்கும் மோடம் ஒன்று, கேபிள் செருகும் சுவிட்ச் ஒன்று, வைஃபை பரப்பும் பகுதி ஒன்று, வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் பகுதி ஒன்று. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பதால்தான் ஒன்று பழுதானாலும் "ரவுட்டர் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் உங்களைக் கேட்கச் சொல்வது ஒரே கேள்வியைத்தான். கோளாறு உள்பக்கமா, வெளிப்பக்கமா?

முகவரி விஷயம்

வலையமைப்பில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். பழைய முறையான ஐபி 4இல் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகத்தில் உள்ள எல்லாப் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அது போதாது. அதனால் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற தரக்குறிப்பில் இது இருக்கிறது. 10 என்று தொடங்குபவை, 172.16இலிருந்து 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. உங்கள் போனில் 192.168.1.5 என்று இருக்கலாம், பண்டாரவளையில் இன்னொருவர் போனிலும் அதே 192.168.1.5 இருக்கலாம். இரண்டும் மோதாது. ஏனென்றால் அந்த முகவரி அந்தந்த வீட்டைத் தாண்டிச் செல்லாது.

அப்படியென்றால் வெளியிலிருந்து வரும் பதில் எப்படிச் சரியான போனுக்கு வந்து சேர்கிறது? தேயிலைத் தோட்டத்துத் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். பல தோட்டங்களில் லயத்துக் காம்பராக்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், ஆபிஸில் சேரும், அங்கிருந்து எந்த டிவிசன், எந்த லயம், யாருக்கு என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள். கேட்வே செய்வதும் இதுதான். உங்கள் போனிலிருந்து வேண்டுகோள் கிளம்பும்போது கேட்வே போனின் உள்முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளிமுகவரியைப் போட்டு அனுப்புகிறது. எந்த வேண்டுகோள் எந்தக் கருவியுடையது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவிக்குத் தருகிறது. இதற்கு நாட் என்று பெயர்.

தோட்டத்தில் கடிதம் தாமதமாவதும் கைமாறிப் போவதும் நமக்குத் தெரிந்த வேதனை. தனி முகவரி என்பது ஒரு குடும்பத்தின் உரிமை, அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். கேட்வே விஷயத்தில் ஒரு நல்லது, அட்டவணை சரியாக இருக்கும்வரை எதுவும் ஆள் மாறிப் போகாது. அதோடு, உள்ளேயிருந்து யாரும் கேட்காத ஒன்று வெளியிலிருந்து திடீரென்று வந்தால், அது யாருக்கு என்று அட்டவணையில் இருக்காது. பெரும்பாலும் கேட்வே அதைத் தூக்கிப் போட்டுவிடும். இது ஒரு பாதுகாப்பும்கூட.

சரி, போன் எப்போது கேட்வேயிடம் போகிறது? போனுக்கு முகவரி கொடுக்கும்போதே கேட்வே இன்னும் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஒன்று 255.255.255.0 போன்ற ஓர் எண். முகவரியின் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் அது நம் வீட்டுக் கருவி என்று இதற்கு அர்த்தம். மற்றது கேட்வேயின் சொந்த முகவரி. போன் தொடர்புகொள்ள வேண்டிய முகவரி வீட்டுக்குள்ளே இருந்தால் கேட்வேயின் தலையீடு தேவையில்லை. வெளியே என்றால் எதையும் யோசிக்காமல் கேட்வேயிடம் கொடுத்துவிடும். அதனால்தான் செட்டிங்ஸில் அதை டிஃபால்ட் கேட்வே என்று எழுதுகிறார்கள்.

உங்கள் கேட்வேயின் முகவரியை இப்போதே பார்க்கலாம். ஆண்ட்ராய்ட் போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் கேட்வே என்று ஒரு வரி இருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகன்ஃபிக் கட்டளையை அடித்தால் வரும். 192.168.1.1, 192.168.0.1, 192.168.8.1 இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் வெளிப்பக்கம்

பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் முதலில் செய்வது வைஃபைக்குப் பெயர் வைப்பது. நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். வெளியிலிருந்து நல்ல சிக்னல் வராத ரவுட்டருக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தும் பயனில்லை.

டவுனில் ஃபைபர் இணைப்பு வந்திருந்தால் வெளிப்பக்க வேலையை நிறுவனத்து ஆட்களே செய்துவிடுவார்கள். உங்களுக்கு மிஞ்சுவது கவனம் மட்டும்தான். உள்ளே வரும் மெல்லிய கம்பிக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதைக் கட்டில் காலில் மடித்துச் சுற்றினால் ஒளி கசிந்துவிடும். கழற்றி அதன் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

தோட்டப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான். இங்கே இடம் பார்ப்பதுதான் முழு வேலையும். 2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த காலத்தில் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கும் பாறைக்கும் ஏறிய பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர்கள் தேடியது டவருக்கு நேரான ஓர் இடத்தை. ரவுட்டருக்கும் அதே இடம்தான் வேண்டும்.

மலைநாட்டில் டவர் எவ்வளவு தூரம் என்பதைவிட நடுவில் என்ன நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஐந்து கிலோமீட்டரில் எதிர்மலையில் தெரிகிற டவர் நன்றாக வேலை செய்யும். ஒரு கிலோமீட்டரில் இருந்தாலும் நடுவில் ஒரு முகடு இருந்தால் கோட்டை விட்டுவிடும். தேயிலைச் செடி ஒரு தடையே இல்லை. சவுக்கு மரங்கள் அடர்ந்து நின்றால் கொஞ்சம் குறைக்கும், மழையில் இலை நனைந்திருக்கும்போது இன்னும் குறைக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழைக் காலத்தில் பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்து வீடுகளில் வேகம் சோர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. தகரக் கூரை. உலோகத் தகடு வானொலி அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தடித்த கல் சுவரும் சேர்ந்தால் காம்பராவின் நடுவில் சிக்னல் கால்வாசியாகவும் இருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பீதுருதலாகல உச்சியிலிருந்து வரும் டிவி அலைக்கு அன்டனாவைத் திருப்பிப் பழகிய ஊர் நம்முடையது. இடமறிந்து திருப்பும் கைப்பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் டிவி கேட்டால் போதும், பதில் சொல்லத் தேவையில்லை. ரவுட்டர் டவருக்குப் பதிலும் சொல்ல வேண்டும். சாதாரண 4ஜி கருவி அதிகபட்சமாக அனுப்பும் சக்தி 0.2 வாட்தான். டவரின் சத்தம் உங்கள் வீட்டுக்குக் கேட்டாலும், வீட்டின் சத்தம் டவருக்குக் கேட்காமல் போகலாம். வீடியோ ஓடுகிறது, ஆனால் பிள்ளையின் வீட்டுப்பாடப் படம் ஏறமாட்டேன் என்கிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இடம் பார்க்கக் கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் (அதைத் திறக்கும் வழி அடுத்த பகுதியில்) ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும். டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை அது சொல்லும். எப்போதும் கழித்தல் குறியோடு வரும். -80, -90 பக்கம் இருந்தால் நல்லது. -100 என்றால் சமாளிக்கலாம். -110க்குக் கீழே போனால் பாடுதான். இது மடக்கைக் கணக்கு, அதனால் 10 எண் வித்தியாசம் என்றால் சக்தியில் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு. அதற்குப் பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் என்று இன்னோர் எண் இருக்கும். இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதை அது சொல்லும். 20க்கு மேல் இருந்தால் அருமை, பூச்சியத்துக்குக் கீழே போனால் ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்தும் வேகம் வராது.

டிக்கோயா பக்கம் ஒரு லயத்தில் ரவுட்டரை உள் காம்பராவில் டிவிக்குப் பக்கத்தில், பூப்போட்ட துணி விரித்த தட்டில் வைத்திருந்தார்கள். எண் -112. "டிவிக்குப் பக்கத்துல வச்சாதானே தம்பி அழகா இருக்கும்" என்றார் அந்த வீட்டு அக்கா. ஒரு நீட்டிப்பு வயரை எடுத்து, ரவுட்டரை இஸ்தோப்புப் பக்கத்து ஜன்னல் விளிம்புக்குக் கொண்டுபோனோம். -99. ஜன்னலின் வலது ஓரத்துக்கு ஒரு முழம் நகர்த்தியதும் -95. அதே சிம், அதே பெட்டி. மழைச்சாரல் படாதபடி ஒரு சின்னத் தட்டை அக்காவின் மகன் சுவரில் அடித்துக் கொடுத்தான். பூப்போட்ட துணியும் அங்கே இடம்பெயர்ந்தது.

இப்படி நகர்த்தும்போது ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடமாவது விட்டுவிடுங்கள். எண் அலைந்து அடங்க நேரம் எடுக்கும். மாலையில் எல்லோரும் போன் பார்க்கும் நேரத்தில் ஒருமுறை சரிபார்ப்பதும் நல்லது. காலையில் பறக்கிற டவர் இரவு எட்டு மணிக்குத் திணறலாம்.

எந்த ஜன்னலிலும் எண் ஏறாவிட்டால்தான் வெளியே பொருத்தும் கருவி. நீண்ட அன்டனா வயர் வாங்கிக் கூரையிலிருந்து இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வயரின் ஒவ்வொரு மீட்டரும் சிக்னலைத் தின்னும். மோடமே அன்டனாவோடு சேர்ந்து வெளிச்சுவரில் நிற்கும் வகை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து சாதாரண நெட்வொர்க் கேபிள் உள்ளே வரும், கரண்டும் அதே கேபிளில் மேலே போகும். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால், வீட்டுக்குச் சற்று மேலே நல்ல இடம் இருந்தாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சிம், கேபிள், விளக்குகள்

சிம்மை முதலில் போனில் போட்டு நெட் வருகிறதா என்று பாருங்கள். பின் நம்பர் பூட்டு இருந்தால் போனிலேயே அதை எடுத்துவிடுங்கள், பல ரவுட்டர்கள் அந்தப் பூட்டில் சிக்கிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கும். டேட்டா பேக்கேஜ் ரவுட்டருக்குச் செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில பேக்கேஜ்கள் போனுக்கு மட்டுமானவை. பிறகு ரவுட்டரின் கரண்டை எடுத்துவிட்டு சிம்மை, பொன்னிறப் பக்கம் படத்தில் காட்டியபடி இருக்க, கிளிக் என்று உட்காரும்வரை தள்ளுங்கள். சின்ன சிம்முக்கு அட்டைச் சட்டம் போட்டுச் செருகினால் உள்ளே மாட்டிக்கொண்டு, சிம்மைத் தொடும் கம்பி முனையை உடைத்துவிடலாம். ரவுட்டர் கேட்கும் அளவிலேயே சிம்மை வாங்குவது நல்லது.

கேபிளில் வரும் இணைப்பாக இருந்தால் ஒரு விஷயம்தான் முக்கியம். பின்பக்கத்தில் ஒரே மாதிரி நான்கைந்து துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் அல்லது சற்றுத் தள்ளி, வேன் என்ற பெயரோடு இருக்கும். அதுதான் வெளிப்பக்கம். வெளியிலிருந்து வரும் கேபிள் அதில். மற்றவை லேன், உள்பக்கம். கம்ப்யூட்டர், டிவி எல்லாம் அவற்றில். இரண்டையும் மாற்றிச் செருகினால் எல்லா விளக்கும் எரியும், நெட் மட்டும் வராது.

கரண்ட் கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனை அந்த வைஃபையில் இணைத்து, பிரவுசரில் கேட்வேயின் முகவரியை அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். இந்தப் பக்கம் இணையத்தில் இல்லை, ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் நெட் வராத நேரத்திலும் திறக்கும். இதை நினைவில் வையுங்கள், கோளாறு தேடும்போது இதுதான் கைகொடுக்கும்.

உள்ளே போனதும் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இந்தப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இதை அட்மின் என்றே விட்டுவிடுகிறார்கள். வைஃபை கிடைத்த எவரும் பிறகு உங்கள் ரவுட்டரையே மாற்றி எழுதலாம். அடுத்து ஏபிஎன், அதாவது நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து நெட்டுக்குப் போகும் வாசலின் பெயர். சிம்முக்குரிய ஏபிஎன் பெயர் சரியாக இல்லாவிட்டால் டவரில் பதிவாகும், நெட் வராது. வேறு நிறுவனத்து சிம்மை மாற்றிப் போடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மூன்றாவது, வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ 2 அல்லது 3இல் இருக்கட்டும். கடைசியாக, மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் செய்துவிடுங்கள். அது முடியும்வரை கரண்டை எடுக்கக் கூடாது.

இனி உள்பக்கம்

வீட்டு ரவுட்டர்களின் வைஃபையில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி நல்ல தூரம் போகும், வேகம் மட்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு கல் சுவரில் களைத்துவிடும். ரவுட்டர் இருக்கும் காம்பராவில் 5ஐயும், மற்ற இடங்களில் 2.4ஐயும் பயன்படுத்துங்கள்.

லயங்களில் சுவருக்குச் சுவர் வீடு. ஒரே வரிசையில் நாலைந்து ரவுட்டர் இருந்தால் 2.4இல் ஒன்றையொன்று நசுக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்று மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி, நீங்கள் 1 என்றால் அவர் 6, அடுத்தவர் 11 என்று பிரித்துக்கொண்டால் எல்லோருக்கும் நன்மை. பணம் செலவில்லாமல் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிற வேலை வேறு இல்லை.

ஒரே ரவுட்டரை இரண்டு மூன்று குடும்பங்கள் காசு சேர்த்துப் பயன்படுத்துவதும் நம் பக்கம் சாதாரணம். நல்ல ஏற்பாடுதான். அப்படியானால் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதியைத் திறந்து, பக்கத்து வீட்டுக்கு அதைக் கொடுங்கள். அவர்கள் உங்கள் கேட்வே வழியாக நெட்டுக்குப் போவார்கள், ஆனால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளோ கேமராவுக்குள்ளோ வரமுடியாது.

சிக்னலுக்காக ரவுட்டரை ஜன்னலுக்குக் கொண்டுபோனதால் பின்காம்பராவுக்கு வைஃபை எட்டவில்லை என்று சொல்வீர்கள். வெளிப்பக்கத்துக்கு நல்ல இடமும் உள்பக்கத்துக்கு நல்ல இடமும் ஒன்றாக அமைவது அபூர்வம். அப்போது ரவுட்டரைத் திரும்ப உள்ளே இழுக்காதீர்கள். ஒரு கேபிள் இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றைப் பின்னால் வையுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்ற முகவரியிலேயே இருந்தால் ஒரே வீட்டில் இரண்டு கேட்வே ஒரே பெயரில் நின்று குழப்பும். நமக்கு வேண்டியது ஒரே கேட்வே. அதனால் பழையதைத் தனியாகக் கம்ப்யூட்டரில் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையை அதில் அணைத்துவிடுங்கள். புதிய ரவுட்டரில் டிஎச்சிபி பட்டியல் .2ஐ வேறு யாருக்கும் கொடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேபிளைப் பழையதின் வேன் துளையில் இல்லை, லேன் துளையில் செருகுங்கள். இனி அது கேட்வே இல்லை, வைஃபை பரப்பும் பெட்டி மட்டும். சில ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்ற ஒரே பட்டனில் இது முடிந்துவிடும்.

டவுனில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 4ஜி நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் பக்கத்திலும் ஒரு பெரிய நாட் வைத்திருக்கும். ரவுட்டரின் வெளிமுகவரி 10 என்றோ, 100.64இலிருந்து 100.127க்குள்ளோ தொடங்கினால் நீங்கள் அதற்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து சிசிடிவியை நேரடியாகத் திறக்க ரவுட்டரில் எவ்வளவு போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர விடும் வழி) திறந்தாலும் நடக்காது. கேமரா நிறுவனத்தின் சர்வர் வழியாக ஆப்பில் காட்டும் கேமராவை வாங்குங்கள்.

இடி, கரண்ட்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும் மாதங்கள். வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. வெளியிலிருந்து உலோகக் கம்பி வருகிற எதுவும், அன்டனா வயரோ நெட்வொர்க் கேபிளோ பழைய செப்பு டெலிபோன் வயரோ, அதையும் ரவுட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அந்தப் பெட்டியின் அடாப்டர் வழியாக இடி வரும். இடி தொடங்கிய பிறகு கம்பியைத் தொடாதீர்கள். பெட்டி போனால் வாங்கலாம்.

கரண்ட் கட்டுக்கு ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 12 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட்தான், 9 வோல்ட் ரவுட்டருக்கு 12ஐக் கொடுத்தால் புகைந்துபோகலாம். ஆம்பியர் மட்டும் அடாப்டரில் உள்ள அளவோ அதற்கு மேலோ இருக்கலாம்.

நெட் வராவிட்டால்

உள்ளிருந்து வெளியே நடந்துபோங்கள். போனின் வைஃபை விவரத்தில் முகவரியைப் பாருங்கள். 192.168 போல ஒன்று இருந்தால் கேட்வே உங்களுக்கு முகவரி கொடுத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கினால் யாரும் முகவரி தரவில்லை, அது தானே வைத்துக்கொண்டது. கோளாறு உள்பக்கம். கேபிளையும் டிஎச்சிபியையும் பாருங்கள்.

முகவரி சரியென்றால் பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். திறந்தால் உள்பக்கம் முழுக்க நலம். அந்தப் பக்கத்திலேயே வெளிமுகவரி என்ன என்று பாருங்கள். காலியாகவோ 0.0.0.0 என்றோ இருந்தால் வெளிப்பக்கம் கிடைக்கவில்லை. சிக்னல் எண், சிம், ஏபிஎன், பேக்கேஜ் மீதி, இந்த வரிசையில் பாருங்கள். வெளிமுகவரியும் இருக்கிறது, இன்னும் எதுவும் திறக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரில் கூகுளின் சர்வரான 8.8.8.8க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் நெட் இருக்கிறது, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும்தான் தகராறு. ரவுட்டரில் அந்த எண்ணையே டிஎன்எஸ் என்று கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பின்னால் உள்ள ரீசெட் துளையில் ஊசியை விடுவது கடைசி வழி. அது ஏபிஎன், பாஸ்வேர்ட், நீங்கள் செய்த எல்லாவற்றையும் அழித்துவிடும். வெளிப்பக்கக் கோளாறுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நிறுவனத்துக்கு போன் எடுக்கும்போது "நெட் வேலை செய்யல்ல" என்று தொடங்கினால் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்லி வைத்துவிடுவார்கள். அதற்குப் பதில் கையில் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். "ரவுட்டர் பக்கம் திறக்குது, ஆர்எஸ்ஆர்பி -96, எஸ்ஐஎன்ஆர் 12, பேக்கேஜ்ல மீதி இருக்கு, ஏபிஎன் சரி, ஆனா வெளிமுகவரி வரல்ல. இன்னிக்குக் காலையில ஆறு மணியிலருந்து இப்படித்தான்." மறுமுனையில் இருப்பவர் உங்கள் பக்கத்தில் கேட்பதற்கு இனி எதுவும் இல்லை, தங்கள் டவரைத்தான் பார்க்க வேண்டும். முறைப்பாட்டு எண்ணைக் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.